உள்மூடியில் வெட்டிய பெயர்கள்

நேற்று பாலிஷ் போட்டுக் கண்ணாடிபோல வழித்து வைத்த உள்மூடியில் இன்று ஓர் எழுத்து இருந்தது. மைக்கேல்ராஜ் அந்த வெள்ளிப் பாக்கெட் கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ‘பி’. சரியாக அழியாமல் நின்றுபோன பழைய கீறல் என்று நினைக்க ஆசைதான். ஆனால் வெட்டு புதிதாக, ஆழமாக இருந்தது. விரலால் தடவியபோது வெள்ளித்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீட்டு முன்னறைதான் அவன் கடை. ரிச்சர்ட்ஸ் டவுனின் பழைய குடும்பங்களிடம் பழம்பொருள்கள் வாங்கி, சர்ஜாபூர் பக்கம் புதிதாக வில்லா வாங்கியவர்களுக்கு விற்பான். வில்லா வாங்கியவருக்குச் சுவரில் மாட்ட ஒரு தாத்தாவும், அந்தத் தாத்தாவுக்கு ஒரு கடிகாரமும் வேண்டியிருக்கிறது. அதில் வேறு வீட்டுப் பெயர் இருந்தால் தாத்தா வேஷம் கலைந்துவிடாதா? அதனால் பெயர்களைத் தேய்த்து அழித்துவிடுவது அவன் தொழில்முறை.

இந்தக் கடிகாரத்தை விற்ற அன்னா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் பெயரை உள்மூடியில் வெட்டுவார்கள். மாலை ஜெபத்தில் அத்தனை பெயரையும் வாசிப்பார்கள். பெயர்களை மட்டும் அழிக்கக் கூடாது என்றாள். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்து, அன்றைக்கே பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தான்.

இப்போதும் அந்த ஒற்றை எழுத்தைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து எடுத்து, கடிகாரத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். மௌரீன் இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

“பிரபாவுக்கு?”

மனைவி ஒரு கணம் அவனை யாரோ மாதிரிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “காய்ச்சல்ல படுத்திருக்கிற புள்ளையவே மறந்துட்டேன் பாருங்க! வயசாகுதுங்க.”

அவனும் சிரித்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போனது. ஓட்டுத் தாழ்வாரத்தில் நீர் கொட்டும் சத்தத்துக்கும், தெருமுனையில் சேற்றில் சிக்கி உறுமும் ஆட்டோவின் சத்தத்துக்கும் அடியில், மேஜை இழுப்பறைக்குள்ளிருந்து, சிற்றுளியால் உலோகத்தைப் பொறுமையாகக் கீறுகிற சன்னமான ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. நனைந்த சாம்பிராணி நாற்றம் அறையெங்கும் பரவியது. ஒவ்வொரு கீறலுக்கும் உள்ளறையில் மகளின் மூச்சு நின்றது, பிறகு வந்தது. இழுப்பறையைத் திறந்தான். மூடியைத் திறந்தான். ‘பிர’. அடுத்த எழுத்தின் முதல் கோடு அவன் கண்ணெதிரே, கையோ உளியோ இல்லாமல், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அன்னாவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, மூடியில என் பொண்ணு பேரு வருது.”

“அழிச்சிட்டியா மைக்கேல்?” அன்னாவின் குரல் தாழ்ந்தது. “செத்தவங்க பேர மட்டும்தான்பா அதுல வெட்டுவோம். நாங்களேதான் வெட்டுவோம். இப்ப யாரு வெட்டறாங்க?”

“பழைய பேரெல்லாம் சொல்லுங்கக்கா. இப்பவே திரும்ப வெட்டிடறேன். கால்ல விழறேன்.”

“நேத்து ஜெபத்துல வாயத் திறந்தேன். ஒண்ணும் வரல. என்னப் பெத்தவ பேரு கூட வரலப்பா.”

வாங்கிய அன்று எடுத்த போட்டோ நினைவுக்கு வந்தது. போனில் தேடினான். படத்திலும் உள்மூடி வெறுமையாகப் பளபளத்தது.

“அப்பா...” உள்ளேயிருந்து பிரபா முனகினாள். “நெஞ்சுல யாரோ கீறுறாங்கப்பா. நிறுத்தச் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரி? எந்த டாக்டரிடம் இதைக் காட்டுவது? எழுத்து முடிந்தால் பிள்ளை போய்விடுவாள். அழித்தால் என்ன ஆகும் என்று மதியம் மௌரீன் வைத்த இரண்டு தட்டு சொல்லிவிட்டது. மறந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும். ஆண்டவரே, இருக்கட்டும்.

சக்கரம் சுற்றக் கரண்ட் இல்லை. துணியில் பாலிஷை அப்பிக் கையாலேயே தேய்த்தான். மறக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேய்த்தான். பிரபா. பிரபா. என் பிரபா. விரல் எரிந்தது. தோல் உரிந்தது. கோடு மங்கியது. பிரபா. இன்னும் கொஞ்சம். பிர... தேய். தேய்.

கீறல் சத்தம் நின்றது.

உள்ளே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

மைக்கேல்ராஜ் மேஜையில் தலை சாய்த்து அழுதான். பெரிய ஆபத்திலிருந்து தப்பியதுபோல ஓர் ஆறுதல். எதிலிருந்து என்று தெரியவில்லை. விரல் ஏன் ரத்தமாக இருக்கிறது என்றும் தெரியவில்லை.

மௌரீன் மெழுகுவர்த்தியோடு வந்தாள். “ஏங்க, உள்ள ஏதோ சத்தம். பூனை பூந்துடுச்சா?”

“நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்,” என்று மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு போனான்.

கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பழங்காலக் கோட்டு. லேஸ் முக்காடு. நனைந்த மண். எல்லாருடைய கண்ணும் அவன் வாயின் மேல். நடுவில், கட்டிலில், நைட்டி போட்ட ஒரு சின்னப் பெண். காய்ச்சல் கண்கள்.

“அப்பா, இவங்க யாருக்கும் பேரே இல்லையாம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கப்பா. சீக்கிரம்.”

பாவம், யார் பெற்ற பிள்ளையோ. கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தான்.

“யாரும்மா நீ?”

முக்காடு போட்டவள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து மெல்லத் தங்கள் வரிசைக்குள் இழுத்துக்கொண்டாள்.