வெயில் படாத கண்ணாடி

"ஐயோ... என் வீட்டுக்காரரு செத்துக் கிடக்காரே!"

டெல்சியின் அலறலில் குலசேகரம் ரப்பர் தோட்டமே நடுங்கியது.

மிஷின் அறைக்குள் ததேயுஸ் மல்லாந்து கிடந்தார். ஒரு காலில் செருப்பு. மறு கால் வெறுங்கால். உதடு செக்கச் செவேலென்று... வெற்றிலை போட்டதுபோல!

இன்ஸ்பெக்டர் ஆதிரா குனிந்து பார்த்தாள்.

"விஷவாயு மாதிரி இருக்கு. கார்பன் மோனாக்சைடு."

"நான் அன்னைக்கே சொன்னேனே!"

கத்தியவர் சுயம்புலிங்கம். ததேயுஸின் கூட்டாளி. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை இருவருக்கும் சொந்தம்.

"மிஷினு வேண்டாம், வேண்டாம்னு... இந்தா நிக்காளே படிச்ச மூதேவி! இவள பிடிச்சு உள்ள போடுங்க மேடம்!"

அவர் விரல் நீட்டியது ஜின்சியை நோக்கி. மிஷின் அவளுடையது. புகைப்புரைப் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இழுக்கும். உள்ளே வினையூக்கிப் பொடி. அதன்மேல் வெயில் பட்டால் புகை எரிபொருளாகும். காலையிலேயே நாகர்கோவில் போனவள், இப்போதுதான் ஓடி வந்திருந்தாள்.

கூட்டம் நெருங்கியது. ஒருவன் கையில் கடப்பாரை!

"உடைங்கலே அத!"

"அவளையும் சேத்து உடைங்கலே!"

ஆதிரா முறைத்தாள். "ஏட்டி, உள்ளதச் சொல்லு. அந்த விஷவாயு உன் மிஷின்ல வருமா, வராதா?"

"வரும் மேடம்... கொஞ்சம்..."

"ஒத்துக்கிட்டா! ஒத்துக்கிட்டா!"

ஜின்சி மிஷினைப் பார்த்தாள். அது போனால் போகட்டும். கொலைகாரி என்ற பேர்?

ஆதிராவின் பார்வை முற்றத்துக்குப் போனது. சாய்த்து வைத்த கண்ணாடிப் பெட்டிகள். மேலே ஈர ரப்பர் ஷீட்டுகள்... ஒரு விரல் இடம் விடாமல்!

"இத யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் சுயம்புலிங்கம் பெருமையாக. "காலம்பறையே போட்டேன். நல்ல வெயிலுல்லா... எதுக்கு வீணாக்கணும்?"

"இடையில எடுத்தீரா?"

"எடுக்கவா? இன்னும் ஈரம் போவல்ல. ஒருத்தனையும் தொட விடல்ல."

"ததேயுஸ் எப்ப உள்ள போனாரு?"

"மத்தியானம். என் கண்ணால பாத்தேன். மிஷினு கொர்ர்னு ஓடிட்டு கிடந்து..."

ஜின்சி விருட்டென்று நிமிர்ந்தாள்.

"பொய் மேடம்! வெயில் படாம இது ஓடாது. புகைய இழுக்குற மோட்டாருக்கும் வெயில்தான் கரண்டு. அந்த சோலார் தகட்டு மேலயும் ஷீட்டு கிடக்கு, பாருங்க!"

கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது.

"அப்போ வாயு எங்கேருந்து வந்துது ஓய்?" ஆதிரா சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

சுயம்புலிங்கத்தின் கண்கள்... தன்னையறியாமல் புகைப்புரைக் கதவுக்குப் போயின!

ஒரு போலீஸ்காரர் உள்ளே ஓடினார். இருமிக்கொண்டே வெளியே வந்தார். கையில்... மற்றச் செருப்பு!

"எனக்க ஆயுசு முழுக்க அந்தப் புகையில வெந்தவன் நான்!" சுயம்புலிங்கம் பல்லைக் கடித்தார். "புகைப்புரைய இவளுக்க கையில குடுக்கப் போறேன்னான். அவன உள்ள தள்ளி, கதவ அடைச்சேன். செத்த பொறவு மிஷின் பக்கத்துல கொண்டு போட்டேன்!"

டெல்சி காறித் துப்பினாள்.

ஜீப்பில் ஏறும்போது அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது.

"மேடம்... மழை வருது. அந்த ஷீட்ட மட்டும் எடுத்து உள்ள..."

"ஏறும் ஓய்! இனி வெயிலப் பத்தியும் மழையப் பத்தியும் உமக்கென்ன கவலை? எல்லாம் ஜெயில் கூரை பாத்துக்கிடும்!"