பெனிட்டாவின் எதிர்வாதம்

நீதிகணி வந்த பிறகு அரசியலமைப்பு வழக்குகளில் வக்கீல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவன் பேச்சை அந்த இயந்திரம் காதிலேயே போட்டுக்கொள்ளாது. கட்சிக்காரரும் கூலியும் இல்லாமல் சட்ட மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ்களைப் படித்துத்தான் தீர்ப்புச் சொல்லும். அதிலும் ஒருவர் தன் நலனுக்கு எதிராக எழுதியிருந்தால் அதற்குத்தான் எடை அதிகம். அடடா, என்ன நேர்மை என்று ஊரே மெச்சியது. தூத்துக்குடியில் அப்படியோர் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்த பெனிட்டாவும் மெச்சினாள்.

அவள் அண்ணன் லூர்து, உப்பளத் தொழிலாளர்களைத் திரட்டியவன். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. இனிமேல் செய்யக்கூடும் என்று கணித்து, விசாரணையே இல்லாமல் முன்காவல் சட்டத்தில் உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று பெனிட்டா கட்டுரை எழுதினாள். அவனை வெளியே கொண்டுவர வேறு வழியும் இல்லை.

அந்த இதழில் ஒரு மரபு உண்டு. எந்தக் கட்டுரைக்கும் பக்கத்திலேயே ஓர் எதிர்வாதம் வர வேண்டும். அதையும் கட்டுரையாளரே எழுத வேண்டும். தன் வாதத்தின் ஓட்டை தனக்குத்தானே தெரியும் என்பது அவர்கள் கணக்கு. துணை ஆசிரியர் வஹாப் அவளிடம் வந்தான். இந்த ஒரு தடவை விட்டுவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தான்.

"சப்பையாவாவது எழுதிப் போடு, பெனி. யாரு கேக்கப்போறா?"

"அப்படி எழுதுனா இது பத்திரிகையே இல்ல. என் வாதம் தாங்கும்."

பாவி மகள், அதை மனதார நம்பினாள். ஒரு கூட்டத்தையே தன் சொல்லுக்குக் கட்டுப்படவைக்க வல்லவன், இதுவரை எதுவும் செய்யவில்லை என்பதாலேயே ஆபத்தில்லாதவன் ஆகிவிடுவானா என்று எதிர்வாதத்தில் எழுதினாள். அண்ணனை நன்றாகத் தெரியும் என்பதால் வாக்கியங்கள் தடையில்லாமல் வந்தன.

நீதிகணி இரண்டையும் படித்தது. கட்டுரைக்கு ஒரே வரி: உறவினரின் கருத்து, எடை குறைவு. எதிர்வாதத்தையோ பத்தி பத்தியாக எடுத்தாண்டது. காவலில் இருப்பவரின் தங்கையே எழுதியிருப்பதால் இதைவிட நம்பகமான சான்று இருக்க முடியாது என்று சொல்லி, சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுக்க முன்காவலில் கிடந்த எல்லோருக்கும் அதோடு கதவு அடைபட்டது.

பெனிட்டா சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள். தீர்ப்பின் நகலை அவனிடமும் கொடுத்திருந்தார்கள். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஏட்டி, அழாத. திரும்பத் திரும்பப் படிச்சிட்டேன்," என்றான் லூர்து. "நீ சொல்றதுதான் சரின்னு படுது. என்னைய வெளிய விடக்கூடாது."