தாழுக்கு உள்ளே ஈரம்

காலையிலிருந்து உமி அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் காயவைக்கும் அறையில் நெல் மட்டும் காயவில்லை. கீழ்பென்னாத்தூர் ரோட்டு ரைஸ் மில்லில், அங்கே வேலை பார்த்த வேணு அந்த அறைக்குள் செத்துக் கிடந்த நாளிலிருந்து இதே கதைதான். “குடிச்சிட்டு உள்ள படுத்துட்டான்” என்று முதலாளி கோதண்டராமன் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். வேணு டீயைத் தவிர எதையும் தொடாதவன் என்பது அவன் அக்கா ரேணுகாம்பாளுக்குத் தெரியாதா?

திருவண்ணாமலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவளையே, ஈரம் எங்கிருந்து வருகிறதென்று அளந்து சொல்லக் கூப்பிட்டனுப்பினார் மனிதர். நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், உச்சிப் பொழுதில் அவளும் வந்தாள். பிஸ்கட் டப்பாவுக்குள் பாட்டரியும் மீட்டரும் வைத்து அவளே சால்டர் செய்த கருவி. நீண்ட ஒயரில் சூட்டை உணரும் மணிகள் இரண்டு. ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் மேல் மை பாட்டில் தண்ணீரில் நனைந்த திரி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் திரி சட்டென்று உலரும், குளிரும், முள் ஏறும். காற்றில் ஈரம் ஜாஸ்தியானால் முள் இறங்கிவிடும்.

மணிகளை உள்ளே தொங்கவிட்டு, டப்பாவை வெளியே வைத்தார்கள். “உள்ள ஆள் இருக்கா?” என்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டுத்தான் வெளித்தாழ் போடுவது அந்த மில்லின் வழக்கம். கோதண்டராமன் குரல் கொடுக்காமலே தாழை இழுத்தார். அவள் கவனித்தாள்.

முள் ஏறியது, நின்றது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது. அடுப்பில் உமி பொரிந்தது, தலைக்கு மேல் தகரக் கூரை நெளிந்து முனகியது, கதவிடுக்கு வழியே ஊறல் நெல்லின் புளித்த வாடை வந்து தொண்டையில் ஒட்டியது. ஒயர் கழன்றிருக்கும் என்று அழுத்திப் பார்த்தாள். கழலவில்லை. திரி காய்ந்திருந்தால் முள் இறங்கி அப்படியே கிடக்கும், இப்படி ஆடாது. தன் மூச்சும் முள்ளோடு சேர்ந்து போய்வருவதை அப்போதுதான் உணர்ந்தாள். உள்ளே, திரிக்கு நேரே வாயை வைத்து யாரோ மூச்சு விடுகிறார்கள்.

ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை.

“அன்னிக்கும் கொரல் குடுக்காமத்தான் தாழ் போட்டீங்களா?”

“மில்லைப் பாக்க வந்தியா, என்னைக் கேள்வி கேக்க வந்தியா?”

“கேக்கத்தான் வந்தேன். வேணு குடிக்கலன்னு நாலு பேர் முன்னாடி நீங்க சொல்ற வரைக்கும் இங்கருந்து நகர மாட்டேன்.”

“லோடு நின்னுக்கிட்டு இருந்துச்சும்மா, அவசரத்துல...” கோதண்டராமன் நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. “உன் டப்பாவே டூப்பு!” என்று கத்தியபடி தாழை விலக்கி, ஒயரைப் பிடுங்க உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

தாழ் நகர்ந்தது. வெளித்தாழ். தொட ஆளில்லை.

உள்ளிருந்து தட்டினார். பிறகு இடித்தார். ரேணுகாம்பாள் முந்தானையைச் சுற்றித் தாழைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. அந்த ஆள் உயிரோடு வெளியே வந்து உண்மையைச் சொல்ல வேண்டும். செத்துத் தப்பித்துக்கொள்ள அவள் விடமாட்டாள். தாழ் அசையவில்லை.

திரும்பிப் பார்த்தாள். முள் துடித்தது. இரண்டு மூச்சு. ஒன்று பதறியது. ஒன்று நிதானம்.

“உள்ள ஆள் இருக்கா?” அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

இடி நின்றது.

கதவிடுக்கில், அவள் காதோரம், சூடாக, ஈரமாக, வேணுவின் குரல்.

“யாருமில்லக்கா. தாழ் போடலாம்.”

டப்பாவில் முள் ஏறியது. இறங்கியது. நிதானமாக.