மறுமுனை

கேபிளின் ஒரு முனையைத்தான் அவள் செருகியிருந்தாள். அதற்குள் போனுக்கு இணைப்பு வந்துவிட்டது.

போனின் சார்ஜர் துளையில் அடாப்டர், அதில் நீல நெட் கேபிள். அது கூடத்திலிருந்து கதவுக்கு அடியில் நுழைந்து, மகள் தூங்கும் அறைக்குள் போகிறது. மோடம் அங்கேதான் இருக்கிறது. அதில் மாட்டப்போன நேரத்தில் கூடத்தில் போன் டிங்கென்றது. வந்து பார்த்தால், இணைப்பு முழுசாக இருந்தது. தானாக வந்ததைக் கெடுப்பானேன் என்று, மறுமுனையைக் கட்டிலடியில் கிடந்தபடியே விட்டுவிட்டு, கதவை வெளியே தாழிட்டாள்.

போனிலேயே எழுதும் நர்ஸ் உரிமத் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு. விதிமுறைகள் கறார்: வைஃபை கூடாது, திரையை விட்டுக் கண் விலகக் கூடாது, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

இருபதாவது கேள்வியில் கேபிள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஈரத்துணியை இழுப்பதுபோல. மதிய வெயில் ஜன்னலில் அப்படியே இருக்க, பழைய கிணற்று வாடை ஒன்று கூடமெங்கும் பரவி அவள் பிடரியைத் தொட்டு நின்றது.

போன் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருந்த தேர்வுக் கண்காணிப்பாளரின் குரல் காதில் வந்தது. "மேடம், பின்னால ஒரு குழந்தை நிக்குது."

மகள் இருப்பதோ வெளியே தாழிட்ட அறையில்.

"வெளிய அனுப்புங்க. இல்லன்னா கேன்சல் பண்ணிடுவேன்."

"என் பொண்ணுதான் சார்," என்றாள். பொய். திரும்பாமலே, "பாப்பா, ரூமுக்குப் போடா கண்ணு," என்றாள்.

ஈரப் பாதங்கள் நடந்தன. தாழ்ப்பாள் விலகியது. கதவு சாத்திக்கொண்டது.

"தேங்க்ஸ் மேடம். போயிடுச்சு."

இன்னும் மூன்று கேள்விகள் இருந்தன.

"அம்மா," உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, இது யாரும்மா?"

எழுந்துவிடலாம். இரண்டே எட்டு. மூன்று வருடப் படிப்பு. அவள் எழவில்லை.

இன்னும் இரண்டு.

"அம்மா! கைய எடுக்கச் சொல்லும்மா!"

கடைசிக் கேள்வி: குழந்தைக்கு மூச்சடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவளுக்குத் தெரியும். சரியான விடையைத் தொட்டாள்.

உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

தேர்ச்சி, என்றது திரை. கண்காணிப்பாளர் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். கேமராவில் அவள் முகம் மட்டும் எஞ்சியது.

கதவு திறந்தது.

"முடிஞ்சிடுச்சாம்மா?" மகளின் குரல். மகளின் கவுன். பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. சில்லென்று இருந்தன. "இப்போ என்னப் பாரும்மா."

இப்போது திரும்பலாம். தடுக்க யாருமில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.