பவளம் ஓட வேண்டும்

நாச்சிமுத்து வீட்டுச் சமையலறையில் தசைப்பானை மெல்ல முனகிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி மான்கறி வளர்ந்துகொண்டிருந்தது. அதற்காக எந்த மானும் சாகவில்லை. மானின் உயிரணுவைச் சத்துநீரில் போட்டால் சதை தானாக வளரும். ஆனால் சும்மா மிதக்கும் சதை வெளுத்து, கொழுத்துப் போகும். காட்டு விலங்கின் கறி கொழுப்பு குறைந்து, இரும்புச்சத்து ஏறி, கருஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணமே அது ஓடித் திரிவதுதான். அதனால் ஒவ்வொரு வீட்டுப் பானைக்கும் மலையடிவாரச் சரணாலயத்தில் ஒரு மானை ஒதுக்கி, அதன் கழுத்தில் ஓட்டப்பட்டையைக் கட்டியிருந்தார்கள். அங்கே மான் துள்ளினால் இங்கே பானைக்குள் சதை துடிக்கும்.

இவர்கள் வீட்டு மானுக்குப் பவளம் என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி சிந்தாமணி. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். இரும்பு மாத்திரை விழுங்கினால் வாந்தி, ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடிப்பு. அவளுக்கு ஒத்துக்கொண்டது மான்கறி ஒன்றுதான். அப்படியிருந்தும் ரத்தத்தில் இரும்பு மளமளவென்று இறங்கியிருந்தது.

"தினமும் தின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்," என்றாள் டாக்டரிடம். "முன்ன மாதிரி இல்லீங்க. வெண்ணெயாட்டம் வழுக்கிட்டுப் போவுது."

டாக்டர் ரெஹானா கறித்துண்டைச் சோதித்துவிட்டு நாச்சிமுத்துவை முறைத்தார். "இது மான்கறியா, நெய்க்கட்டியா? உங்க மான் ஓடறதே இல்ல. இப்படியே போனா பிரசவத்துல ரத்தப்போக்கைத் தாங்க மாட்டா. அந்த மானுக்கு என்ன செஞ்சீங்க?"

 என்ன செய்தான் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பேர் வைத்த சீவனை வெறும் புல்லோடு விட அவனுக்கு மனசு வரவில்லை. கட்டுத்தறி மாட்டைக் கவனிப்பதைப் போல, வாராவாரம் ஆளில்லாமல் பறக்கும் பறவைவண்டியில் பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா? ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். பவளமும் மரத்தடியில் படுத்து, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி அசைபோடப் பழகிவிட்டது.

சரணாலயத்துக்குப் போன் போட்டான்.

"தீனியை நிறுத்தினாலும் அது ஓட ஆரம்பிக்க ரொம்ப நாளாகும்," என்றார் அதிகாரி. "ஒண்ணு செய்யலாம். வேலியைத் திறந்து ரெண்டு செந்நாயை உள்ளே விடறோம். உயிர் பயத்துல ஓடும்."

"புடிச்சுருச்சுன்னா?"

"வேற மான் தர்றோம்."

பின்னால் நின்ற சிந்தாமணி கைபேசியை வாங்கி அணைத்துவிட்டாள். "வேண்டாமுங் மாமா. அது வயித்துலயும் ஒண்ணு இருந்தா?"

"அப்ப உன் வயித்துல இருக்கறது? நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன் அம்முணி?"

அவள் கைபேசியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். 

மறுநாள் விடிந்ததும், பானையோடு கொடுத்திருந்த மாற்றுப் பட்டையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போனான். இதை முடுக்கினால் மான் கழுத்துப் பட்டை தூங்கிவிடும். பானைக்கு வேண்டியது துடிப்பு மட்டும்தான், அது யாருடைய துடிப்பு என்று பானை கேட்பதில்லை. சரணாலயத்துக் கணக்கிலும் அது பவளத்தின் ஓட்டமாகவே ஏறும். தொப்பை குலுங்கக் குலுங்க ஓடினான். வாக்கிங் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாய்கள் குரைத்தன. மூச்சு வாங்கிப் படித்துறையில் மல்லாந்தவன், டாக்டர் சொன்னதை நினைத்து மறுபடி எழுந்தான்.

சில வாரங்களில் பானையிலிருந்து எடுத்த கறி கத்தியை எதிர்த்தது. ஈரலைப் போலச் சிவந்திருந்தது. அன்று சுடுதண்ணீரில் கால் ஊறவைத்துக்கொண்டிருந்தவனின் கழுத்தைப் பார்த்துவிட்டாள் சிந்தாமணி. விஷயம் புரிந்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏனுங் மாமா, அப்ப இத்தன நாளா நான் உங்களையா தின்னேன்?"

"கட்டுன நாள்ல இருந்து அதத்தான பண்ணிட்டிருக்கற?"

அவள் குனிய முடியாமல் குனிந்து, வீங்கிய அந்தக் கால்களைத் துடைத்துவிட்டாள்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்கும் குறையில்லை. நாச்சிமுத்து பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வயிறாரத் தின்று, பகலெல்லாம் தூங்கினான்.

நாலைந்து நாள்கூட ஆகவில்லை. சரணாலய அதிகாரி உற்சாகமாகக் கூப்பிட்டார். "ரெண்டு மூணு நாளா மான் கொஞ்சம் சோர்வா இருக்கு போல, பரவால்ல. ஆனா உங்க பவளம் மாதிரி ஓடற மான் இந்த ஜில்லாவுலயே இல்ல! இரும்பு மாத்திரை ஒத்துக்காத கர்ப்பிணிகளோட பானை எல்லாத்துக்கும் இன்னிக்கிருந்து அதோட துடிப்பைத்தான் கொடுக்கிறோம்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடப் போனபோது வேறொரு அழைப்பு வந்தது. உடுமலைப் பக்கத்து அம்மாள் ஒருவர்.

"பவளத்து ஊட்டுக்காரருங்களா? சரணாலயத்துல உங்க நம்பர் குடுத்தாங்க. எம் மவளுக்கு எட்டாம் மாசமுங்க. மாத்திரையும் ஒத்துக்கல, ஊசியும் ஒத்துக்கல. உங்க மானைத்தான் நம்பியிருக்கறோம். அது நல்லா ஓடுதுங்களா?"

நாச்சிமுத்து, பானை மூடியில் மானைக் காட்டும் திரையைப் பார்த்தான். சரணாலயத்தில் பவளம் மரத்தடியில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. சிந்தாமணியைப் பார்த்தான். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே எழுந்துபோய், ஆணியிலிருந்த பட்டையை எடுத்து வந்து அவன் கழுத்தில் கட்டினாள்.

"ஓடுமுங்கக்கா," என்றான் அவன், செருப்பைத் தேடிக்கொண்டே. "நீங்க பயப்படாம இருங்க."