ஐந்தாவது விண்ணப்பம்

“மேடம்... பன்னிரண்டாவது கேள்விய விட்டுட்டீங்க.”

விமான நிறுவன அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடிக்காரன் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினான். அவளுக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டாளா? வேண்டுமென்றேதான் விட்டாள்! ‘விபத்தில் சிக்கியதுண்டா?’ என்பதற்கு ‘ஆமாம்’ எழுதியே நான்கு நிறுவனங்களில் விமானி வேலை கைநழுவியது. “இந்தத் தடவையாவது வாய மூடிக்கிட்டு இரும்மா” என்று சொல்லித்தான் அண்ணன் அனுப்பியிருந்தான்.

“அது அவ்வளவு முக்கியமா சார்?” குரலில் காரம்.

“மறைச்சது பின்னால தெரிஞ்சா லைசென்ஸுக்கே ஆபத்து. சொன்னா கேள்விதான் கேப்பாங்க.”

“என் நாற்காலியில உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும்!”

“உக்காரலாம்... அப்புறம் உங்க ஃபாரத்த யாரு சரிபார்க்கிறது?”

சிரிப்பு வந்துவிட்டது... பாவி! ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. இத்தனை பெரிய கண்களை வைத்துக்கொண்டு இவன் ஏன் காகிதத்தையே பார்க்கிறான்?

வீம்பை விட்டுப் பேனாவை எடுத்தாள். விபத்துக்குள்ளானது, அவள் மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சி விமானம். எரிபொருள் தொட்டிக்குள் அளவுக்குச்சி விட்டுப் பார்த்த பிறகே ஏற வேண்டும். அன்று மூடியைத் திறக்கச் சோம்பி, மீட்டர் முள்ளை நம்பினாள். நடுவானில் என்ஜின் நின்றது. வயலில் இறக்கினாள். உடன் வந்த மாணவிக்குக் கை முறிந்தது. ‘தவறு என்னுடையது’ என்று எழுதி அவனிடம் நீட்டினாள்.

நேர்முகத் தேர்வில் தலைமை விமானி அந்தப் பக்கத்தையே முக்கால் மணி நேரம் குடைந்தார்.

“மீட்டர் பழுதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

“பழுதுதான் சார். ஆனா குச்சி விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். என் சோம்பல்தான்.”

அவர் விண்ணப்பத்தை மூடி வைத்தார். பிறகு, “ஆறு மாசம் மேற்பார்வையில துணை விமானி... சம்மதமா?” என்றார்.

வெளியே வந்தவளின் கண்கள் நிறைந்திருந்தன. கண்ணாடிக்காரன் பதறி எழுந்தான்.

“கிடைச்சிடுச்சு! இனிமே என்னை நம்பி யாரும் ஏற மாட்டாங்கன்னே நெனச்சேன்...”

அவன் தயங்கினான். “ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது... எட்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன். ஒரு தடவகூட விமானத்துல ஏறினதில்ல. அவ்வளவு பயம்.”

அவள் சிரிக்கவில்லை.

“நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். நீங்க ஓட்டினா... நான் ஏறுவேன்.”

இப்போது அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். அவளுக்குக் காது மடல் சூடானது.

“எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு” என்றாள், சுற்றி வளைக்காமல். “ஆனா வானம் அப்புறம்... மொதல்ல தரையில கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்து பழகுவோம். வர்றீங்களா?”