கள்ளியைக் கட்டிப்பிடித்தவன்

"றோசக்கா... இந்தக் கள்ளிய ஆரு கட்டிப்பிடிப்பாங்க?"

ஐந்து வயது றம்லா ஒருநாள் இப்படித்தான் கேட்டாள்.

அப்போது பக்கத்து வீட்டில் இருந்த றோஸ்மேரி ரீச்சரின் விறாந்தையில் ஒரு சாடி. சாடிக்குள் தூண்போல நிமிர்ந்து நிற்கும் ஒரு கள்ளி. உடம்பெல்லாம் முள். பூனைக்குட்டியைக் கட்டிப்பிடிக்கலாம். ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடிக்கலாம். இதை?

ரீச்சர் சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

பதில் வந்தது...

றம்லா வளர்ந்து, கலியாணம் முடித்து, அவளுடைய மகனுக்கு மீசை அரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில்!

இரத்தத்தோடு வந்தது!

போன் அலறியது.

றம்லா அடுப்பில் றொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு எடுத்தாள். ரீச்சரின் எதிர்வீட்டுப் பூமணி.

"றம்லா! ஓடி வா! உன்ர மகனப் பொலிஸ் பிடிச்சிட்டுது!"

"என்னத்துக்கு?"

"றோஸ்மேரி ரீச்சர அடிச்சுப் போட்டிட்டானாம்! தலை உடைஞ்சு ஒரே ரத்தம்... இப்பத்தான் அம்புலன்சில ஏத்தினவை. நினைவில்ல!"

"யா அல்லாஹ்! என்ட மவனா? றம்ஸீனா?"

"நான் என்ர கண்ணால கண்டனான் றம்லா... ரத்தச் சட்டையோட கேற்றால பாஞ்சு ஓடினவன்!"

றொட்டி கருகியது. றம்லா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். கையிலிருந்த இரண்டு பழைய தங்கக் காப்புகளும் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

இரண்டு ஒழுங்கை தூரம். இரண்டு யுகமாக இருந்தது!

ரீச்சர் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப். வேலி முழுக்கத் தலைகள்.

விறாந்தைப் படியில் இரத்தம். பக்கத்தில் உடைந்த சாடி. சிதறிய மண். ஆள் உயரக் கள்ளி நடுவில் நசுங்கி, முற்றத்தில் விழுந்து கிடந்தது.

ஜீப்பின் பின்சீற்றில் றம்ஸீன். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் நண்டுபோல அகட்டி வைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மவன்... நீ செய்தியாடா?"

"இல்ல உம்மா! சத்தியமா இல்ல!"

"அப்ப ஏன் இங்க வந்தனீ?"

அவன் தலையைக் குனிந்தான்.

"...சும்மா."

"இதத்தான் எனக்கும் சொன்னவர்," என்றது பின்னால் ஒரு குரல்.

சப் இன்ஸ்பெக்டர் லோறன்ஸ். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனாலேயே ஆட்களுக்கு அவரிடம் கூடுதல் பயம்.

"காலமை வெள்ளன ஒரு பொடியன் ரீச்சரின்ர வீட்டுக்குச் சும்மா வாறான். சும்மா ரத்தம் படுது. சும்மா ஓடுறான். நம்பலாமா அம்மா?"

"சேர், அவன் அப்பிடிப்பட்ட புள்ள இல்ல..."

"எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லுவினம். ரீச்சருக்கு ஏதும் நடந்துதெண்டா இது கொலைக் கேஸ். விளங்குதா?"

 றம்லா மனதுக்குள் ஓதத் தொடங்கினாள். ஓதிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள்.

வேலியோரம் ஒரு உரச்சாக்கு. வாய் கட்டியிருந்தது. அவளுடைய வீட்டுச் சாக்கு!

"மவன்... அந்தச் சாக்குக்குள்ள என்ன?"

றம்ஸீன் உம்மாவின் காதுக்குள் முணுமுணுத்தான்.

"ஆத்து மண் உம்மா. ரீச்சர் சாடி மாத்தோணும் எண்டவ. கடலுக்கு அங்கால உயிலங்குளத்தில இருந்து கொண்டு வந்தனான்... பெர்மிட் இல்ல."

போன மாதம்தான் அவன் ஒரு டிரக்டர் மணலோடு பிடிபட்டு, இனிமேல் மண்ணில் கை வைத்தால் உள்ளே போவாய் என்று எச்சரிக்கப்பட்டிருந்தான்.

றம்லாவுக்கு வந்ததே கோபம்!

"அட மடையா! கொலைக் கேசில உள்ள போகப் போறாய்... மண் கேசுக்குப் பயந்து வாயப் பொத்திக்கொண்டு இருக்கிறியா?"

லோறன்ஸ் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன மண்?"

றம்லா ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்தத் தீவு முழுக்க மண் கிடக்குது. கடல் தாண்டிப் போய் ஒரு சாக்கு மண்ணா?" என்றார் அவர்.

"இங்கத்த மண்ணில உப்பு சேர். கள்ளிக்கு வேர் கருகிடும். ஆத்து மண்ணும் கரித்துண்டும் கலந்து வைக்கோணும். தண்ணி கண்டபடி ஊத்தக்கூடாது. விரல விட்டுப் பாத்து, அடி வரைக்கும் காஞ்சிருந்தாத்தான் ஊத்தோணும். இல்லாட்டி அடியால அழுகும். றோசக்கா புள்ளைய வளக்கிற மாதிரி வளத்தவ."

"மண் கேஸ் வேற. அதப் பிறகு பாப்பம்," என்றார் லோறன்ஸ். சாக்கை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். "இப்ப இவர் சொல்லுறதக் கேளுங்கோ."

ஒரு வாலிபன் முன்னால் வந்தான்.

வலன்ரைன். ரீச்சரின் தங்கை மகன். அயன் பண்ணிய வெள்ளைச் சேட். கண்களில் நீர்.

"நான் வரேக்க பெரியம்மா விழுந்து கிடந்தவ சேர். கள்ளி அவவுக்கு மேல. இவன் பாஞ்சு ஓடினவன். நான்தான் கள்ளியத் தூக்கி அங்கால போட்டிட்டு, பொலிசுக்கு அடிச்சனான்."

"பொய்!" றம்ஸீன் கத்தினான். "நான் வரேக்க ஒருத்தரும் இல்ல! நான்தான் தூக்கினனான்! என்ர போனில சார்ஜ் இல்ல... ஓட்டோ பிடிக்கத்தான் ஓடினனான்! சந்தியில வைச்சு இவர்தான் 'கள்ளன், கள்ளன்' எண்டு பிடிச்சுக் குடுத்தவர்!"

"வாய மூடடா! உடம்பு முழுக்கக் கள்ளி முள்ளு! சாடியக் கிண்ட வந்த கள்ளன் நீதான் எண்டதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

முள்!

றம்லா மகனின் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் முள். முழங்கையின் உட்பக்கத்தில் முள். சேட் பொத்தான்களுக்கிடையே நெஞ்சில் முள். வாய்க்குக் கீழே, நாடியில்கூட இரண்டு முள்!

அவளுக்குள் எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளை கண் விழித்தது.

*இந்தக் கள்ளிய ஆரு கட்டிப்பிடிப்பாங்க?*

"சேர்!" என்றாள்.  "இவன்ட நெஞ்சப் பாருங்க. நாடியப் பாருங்க. களவெடுக்க வந்தவன் கள்ளியக் கட்டிப்பிடிப்பானா?"



லோறன்ஸ் றம்ஸீனை ஜீப்பிலிருந்து இறக்கினார்.

"தம்பி, எப்பிடித் தூக்கினனீ? செய்து காட்டு."

றம்ஸீன் குனிந்தான். காற்றை இரண்டு கைகளாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்தான். நாடியால் அழுத்தினான். நிமிர்ந்தான்.

முள் இருந்த இடங்கள்... ஒன்றும் தவறவில்லை!

லோறன்ஸ் மெல்லத் திரும்பினார்.

"வலன்ரைன், நீங்களும் தூக்கினதெண்டனீங்கள். கையக் காட்டுங்கோ."

வெள்ளையான கைகள். ஒரு கீறல் இல்லை. நகக்கண்ணில் மட்டும் மண்.

"முள்ளக் காணேல்லையே?"

"அது... பெரியம்மா பழக்கித் தந்தவ சேர்." வலன்ரைன் அவசரமாகச் சொன்னான். "பேப்பரத் தடிப்பா மடிச்சு, பெல்ற் மாதிரிச் சுத்திப் பிடிச்சுத் தூக்கோணும். முள்ளுக் குத்தாது. அந்தா, பேப்பர் கிடக்குது!"

"ஓ! நல்ல முறை."

"ஓம் சேர்."

"பெரியம்மா தலை உடைஞ்சு ரத்தத்தில கிடக்கிறா..."

"ஓம் சேர்."

"மேல கள்ளி..."

"ஓம் சேர்."

"அந்த நேரம் நீங்கள் ஆறுதலா இருந்து பேப்பர் மடிச்சனீங்கள்?"

வலன்ரைன் கைகளைப் பின்னால் மறைத்தான்! 

றம்லா படியருகே குந்தினாள். விரலை நீட்டினாள், தொடவில்லை.

"சேர், இங்க பாருங்க. பேப்பர் மண்ணுக்கு மேல இல்ல... கீழ கிடக்குது! சாடி உடைஞ்சு மண் கொட்ட முந்தியே பேப்பர் சுத்தியாச்சு!"

வேலியோரத் தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

"என்ர ஆண்டவரே!" என்றாள் பூமணி. "நான் பிந்தி ஓடினவனைப் பாத்தன்... முந்தி வந்தவனைப் பாக்கேல்லையே!"

வலன்ரைன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கொல்ல நினைக்கேல்ல சேர்... பூசைக்குப் போன பெரியம்மா கண்ணாடிய மறந்திட்டுத் திரும்பி வந்திட்டா. நான் கள்ளியச் சரிச்சுப் பிடிச்சுச் சாடியக் கிண்டிக்கொண்டிருந்தனான். 'தம்பி!' எண்டு பக்கத்தில வந்தா... பயத்தில கைய விட்டிட்டன். கள்ளியும் சாடியும் அவவுக்கு மேல... தலை படியில..."

"தூக்கேல்லையா?"

"ஓடிட்டன் சேர். சந்தியில இவன் ரத்தத்தோட வாறதக் கண்டுதான் பழிய இவனில போட்டன்."

லோறன்ஸ் பெருமூச்சு விட்டார்.

"தூக்கியிருந்தா உனக்கும் முள்ளுக் குத்தியிருக்கும் தம்பி. குத்தியிருந்தா... இண்டைக்கு நீ மனிசனாத் தப்பியிருப்பாய்."

"சாடிக்குள்ள என்ன தேடினனீ?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"நகை..." அவன் விம்மினான். "தொண்ணூறில சண்டைக்குள்ள முஸ்லிம் சனத்த ஊரை விட்டுத் துரத்தேக்க, அவை பெரியம்மாட்டக் குடுத்திட்டுப் போன நகை. கள்ளிக்குக் கீழதான் தாட்டு வைச்சவ எண்டு அம்மா சொன்னவ. ஆரும் கை வைக்காத இடமெண்டு..."

"கிடைச்சுதா?"

"கரித்துண்டும் ஓட்டுத்துண்டும்தான் சேர்!"

றம்லா எழுந்தாள்.

மெதுவாகக் கைகளை நீட்டினாள். காப்புகள் வெயிலில் பளபளத்தன.

"இதையா தேடினீங்க தம்பி?"



"எங்கட உம்மா பஹ்மிதாட காப்பு. கள்ளிக்குக் கீழதான் இருந்தது. நாங்க புத்தளத்தில இருந்து திரும்பி வந்த கிழமையே றோசக்கா மீன் கூடையோட வந்தவ. உம்மா மீனக் கழுவ எடுத்தா, அடியில காப்பு! 'ஒருத்தருக்கும் சொல்லாதிங்கோ. சொன்னா அது உதவியாப் போயிடும். இது நீங்கள் நம்பித் தந்த அமானிதம், உங்களிட்டயே வந்திட்டுது' எண்டவ. எனக்குக் கலியாணம் முடிச்சு இவன் பிறக்க முந்தியே என்ட கைக்கு வந்திட்டுது தம்பி!"

வலன்ரைன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அவன் கிண்டியது ஒரு வெறும் சாடி!

லோறன்ஸின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

கேட்டார். தொப்பியைக் கழற்றினார். சிலுவை அடையாளம் வரைந்தார்.



"ரீச்சர் கண் முழிச்சிட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"முதல் கேள்வி, கள்ளிக்கு என்ன நடந்தது எண்டு."

"பிறகு?"

லோறன்ஸ் வலன்ரைனைப் பார்த்தார்.

"தம்பி ஒண்டும் சாப்பிடாமத்தான் வந்திருப்பான்... அவனுக்கு ஏதும் குடுங்கோ, எண்டவவாம்."

அப்போதுதான் வலன்ரைன் உண்மையாக அழுதான்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போய் முள்ளக் கழட்டு," என்றார் லோறன்ஸ் றம்ஸீனிடம். "பிறகு ஜும்மாத் தொழுகைக்குப் போ."

ரீச்சரைத் தலை ஸ்கானுக்கென்று யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். திரும்பி வர நாளாகும் என்றார்கள்.

அன்று பின்னேரமே றம்லா ரீச்சர் வீட்டு முற்றத்துக்குப் போனாள். நசுங்கிய இடத்துக்கு மேலே, பச்சை பழுதில்லாத இடத்தில் கள்ளியை வெட்டினாள். ஈரம் இல்லாத நிழலில் சாய்த்து வைத்தாள். வெட்டு வாயில் தோல் கட்டும்வரை மண்ணைக் காட்டக்கூடாது.

தோல் கட்டியது. புதுச் சாடியும் வாங்கியாயிற்று.

ஆனால் ஆற்று மண்?

மகனை இனி அனுப்ப முடியாது. அந்தச் சாக்கோ பொலிசில்.

ஒருநாள் விடியப் போனபோது... ரீச்சர் வீட்டு வாசலில் அதே உரச்சாக்கு! பக்கத்து மணலில் கனமான சப்பாத்து அடையாளம்!

றம்லா லோறன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

"சேர், அந்தச் சாக்கு..."

"அது களவு போயிட்டுது அம்மா. பொலிசுக்குள்ளேயே களவு! ஆர் எடுத்தது எண்டு நானேதான் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். ஆளப் பிடிக்கிறது கஷ்டம் போல கிடக்கு."

போன் கட்டாயிற்று.

றம்லா கேற்றைச் சாத்தினாள். சாடியில் மண்ணையும் கரியையும் கலந்தாள். கள்ளி முன்பு வெயில் பார்த்த பக்கத்தை இப்போதும் வெயிலுக்கே திருப்பினாள். நிழலில் இருந்த பக்கத்தைத் திடீரென்று வெயிலில் விட்டால் வெந்துபோகும். பேப்பர் மடிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்படியே அணைத்துத் தூக்கி நட்டாள்.

தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு துஆ மட்டும் ஓதினாள்.

அன்று பின்னேரம் ரீச்சர் வந்தாள். தலையில் கட்டு. விறாந்தையில் ஏறியதும் நின்றாள். உயரம் பாதியாகிப்போன கள்ளி, நிமிர்ந்துதான் நின்றது.

"இத ஆர் வைச்சது றம்லா?"

"தெரியாதே றோசக்கா," என்றாள் றம்லா, கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு.

பார்த்தவர் யாரும் இல்லை. சாட்சியும் இல்லை...

றம்லாவின் நாடியில் குத்தியிருந்த ஒற்றை முள்ளைத் தவிர!